நான் அடைத்த துளை

முப்பத்து நான்கு வருடங்கள் கசிவுகளை அடைத்தே சம்பளம் வாங்கியவன் நான். நீராவிக் கசிவு, எண்ணெய்க் கசிவு, காற்றுக் கசிவு என்று ஆயிரக்கணக்கில் அடைத்திருப்பேன். அவற்றில் ஒன்றை மட்டும் அடைத்திருக்கக் கூடாது. குண்டூசி நுழையும் அளவுள்ள ஒரு துளை அது. அதை அடைத்ததால் ஒரு மனிதருக்குக் கிடைக்க வேண்டிய நிரந்தர வேலை போயிற்று. எனக்கு என் வீட்டில் இருந்த மரியாதை போயிற்று. வீட்டில் இரண்டாவதைப் பற்றித்தான் எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். முதலாவதை நான்தான் சொல்ல வேண்டும். எழுபத்தெட்டு வயதாகிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் சொல்வதற்கு மூச்சு இருக்காது. (மூச்சு என்ற சொல் இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாயிரத்து மூன்று வாக்கில், ஒரகடம் பக்கம் வண்டிகளுக்கு அடிச்சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், அளவுக்கருவி அறைக்கு நான் பொறுப்பாளன். தொழிற்சாலையில் இருக்கும், அழுத்தத்தை முள்ளால் காட்டும் பிரஷர் கேஜ் ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு வரும். சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுவேன். குமிழி வந்தால் கசிவு, வராவிட்டால் நிம்மதி. இந்தப் பழக்கம் தொழிற்சாலை கேட்டோடு நிற்கவில்லை. மைத்துனரின் கிரகப்பிரவேசத்தில் ஹோமம் முடிவதற்குள் சமையலறைக்குள் புகுந்து கேஸ் சிலிண்டருக்கு நுரை தடவிக்கொண்டிருந்தேன். "இவரு இப்படித்தான், குக்கர் விசில் அடிச்சாலே கசியுதுன்னு எழுந்து வருவாரு" என்று என் மனைவி சரோஜா உறவினர்களிடம் சொன்னாள். பெருமையாகச் சொல்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் தொழிற்சாலையில் புதிதாக, பெயின்ட் தெளிப்பதற்கென்றே மூடிய அறையாக ஒரு பெயின்ட் பூத் கட்டினார்கள். உள்ளே வேலை செய்பவர்கள் முகம் முழுவதும் மூடும் மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் தடிமனான பில்டர்கள். ஒவ்வொரு மூச்சையும் அந்த பில்டர் வழியாக இழுக்க வேண்டும், அதுவும் எட்டு மணி நேரம். சென்னையிலிருந்து புதன்கிழமைதோறும் வரும் நெஞ்சு நோய் டாக்டர் அம்மா, ஆள் எடுப்பதற்கு முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நுரையீரல் நன்றாக இருப்பது வேறு, அதை இழுத்து விரிக்கும் தசைகளில் பலம் இருப்பது வேறு. அந்தப் பலத்தை அளந்து பார்க்காமல் யாரையும் மாஸ்கோடு உள்ளே அனுப்பக் கூடாது.

அளப்பது எப்படி என்றும் சொன்னார். மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு, ஒரு குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு உள்ளே இழுக்க வேண்டும். குழாயின் மறுமுனை மூடியிருக்கும். காற்று வராது, கேஜ் முள் மட்டும் நகரும். எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை உறிஞ்சித் தூக்கும் பலமோ அதுதான் அளவு. இதற்கான கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்த மேனேஜரின் முகம் சுருங்கியது. நான் வாயைத் திறந்தேன்.

"இதுல என்ன சார் இருக்கு? ஒரு வாக்குவம் கேஜ், ஒரு குழாய். பத்து நாள்ல நம்மளே பண்ணிடலாம்."

எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஓய்வுபெற ஒன்பது மாதம் இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராக வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு காற்றில் இருந்தது. அந்தப் பேச்சைக் கொஞ்சம் ஊதிவிடலாம் என்று நினைத்தேன். (இருந்ததே பேச்சு மட்டும்தான். யாரிடமிருந்தும் ஒரு கடிதம்கூட இல்லை.)

டாக்டர் தன் மருத்துவமனையிலிருந்து வாயில் வைக்கும் குழாய் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டை விரல் அகலம். நுனியில் உதட்டுக்கும் பல்லுக்கும் இடையில் பொருந்தும் ரப்பர் விளிம்பு. மகளின் பிரசவத்துக்காக மறுநாள் ஒரு மாத விடுப்பில் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். "அப்படியே பண்ணுங்க சார். எதையும் மாத்தாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். நல்ல அழுத்தமாகவே ஆட்டினேன்.

பிறகு எல்லாவற்றையும் மாற்றினேன்.

முதலில் என் கண்ணில் பட்டது பக்கவாட்டில் இருந்த துளை. நுரை தடவினேன். காற்றைச் செலுத்தினேன். குமிழி வந்தது. வெளிநாட்டுக்காரன் செய்த சாமானில் கசிவு! எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அழுத்தம் அளக்கும் கருவியில் துளை இருந்தால் அது பழுது. இதைத்தான் நான் முப்பத்து நான்கு வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கருவிக்குப் பித்தளையில் குழாய் கடைந்து துளையே இல்லாமல் செய்தேன். அத்தோடு விட்டேனா? மாதிரிக்கு வந்த குழாயிலேயே துளையை ஈயப் பற்று வைத்து அடைத்தேன். டாக்டர் திரும்பி வந்ததும் நன்றி சொல்வார் என்று எதிர்பார்ப்பு. கட்டை விரல் அகலம் நம் ஸ்டோரில் இருந்த இணைப்புகளுக்குப் பொருந்தவில்லை. அதனால் பென்சில் அகலத்துக்குக் குறைத்தேன். ரப்பர் விளிம்பு எதற்கு, உதட்டால் கவ்வினால் போதாதா என்று அதையும் விட்டேன். கடைசியில் கேஜில் ஒரு சிவப்பு முள்ளைக் கூடுதலாகப் பொருத்தினேன். கறுப்பு முள் எவ்வளவு தூரம் போகிறதோ அங்கே சிவப்பு முள்ளைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடும். சிவப்பு அங்கேயே நிற்கும், நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். இந்தச் சிவப்பு முள்ளை மேனேஜர் மிகவும் ரசித்தார்.

முதல் சோதனையை என் மீதே செய்துகொண்டேன். மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு ஒரே இழுப்பு. சிவப்பு முள் நூற்று அறுபதில் போய் நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மேனேஜரின் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. அங்கே போவதற்குள் நான் இரண்டு இடங்களில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு விதிகளைப் படிப்பதுபோல மூச்சு வாங்கிக்கொள்வேன். அந்த விதிகள் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட ஆள் நூற்று அறுபது இழுத்தால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது. ஐம்பத்தேழு வயதுக்காரனே நூற்று அறுபது இழுக்கும்போது, பூத்துக்கு வருகிற ஆள் குறைந்தது நூற்றிருபதாவது இழுக்க வேண்டாமா? அப்படித்தான் எல்லைக்கோட்டைத் தீர்மானித்தேன். எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை.

பூத்துக்கு ஆறு பேர் தேவை. கான்ட்ராக்ட்டில் இருந்தவர்களில் இருபத்திரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். தேர்வாகும் ஆறு பேரும் அன்றைக்கே பெர்மனன்ட். மற்றவர்களுக்கு ஒப்பந்தம் அந்த மாத முடிவோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்று கான்ட்ராக்டர் அறிவித்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அவர்களில் ஒருவர் லூர்து. தூத்துக்குடிக்காரர், முப்பத்தெட்டு வயது. இளம் வயதில் கடலில் சங்கு குளித்தவர். காது பாதிக்கப்பட்டதால் கடலை விட்டுவிட்டு இங்கே வந்து, ஆறு வருடமாக எங்கள் தொழிற்சாலையிலேயே கான்ட்ராக்ட்டில் பெயின்ட் வேலை செய்துவந்தார். பூத் இல்லாத காலத்திலேயே அடிச்சட்டங்களுக்கு அவர் அடித்த பெயின்ட்டில் ஒரு வழிசல் இருக்காது. மனைவியும் பெண்ணும் ஊரில். பெர்மனன்ட் ஆனால் அவர்களை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்துச் சொல்லி வைத்திருந்தார். பெண்ணுக்கு இங்கே பள்ளிக்கூடமும் விசாரித்துவிட்டார். சங்கு குளித்தவர் மூச்சுப் பரீட்சையில் தோற்பாரா என்று மற்றவர்கள் ஆறு இடங்களில் ஒன்றை அவருக்கு ஒதுக்கிவிட்டு, மீதி ஐந்துக்குத்தான் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பரீட்சை கேன்டீனை ஒட்டிய அறையில் நடந்தது. காலையில் எல்லோர் முன்னாலும் நானே ஒருமுறை இழுத்துக் காட்டினேன். முதலில் வந்தவன் மணி, உள்ளூர்ப் பையன்களிலேயே வாய் அதிகம். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா சார், இதுல இன்னா கீது? வண்டிலேர்ந்து பெட்ரோல் இஸ்க்குற மாரிதானே?"

பெட்ரோல் இல்லை, மூச்சு என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கன்னமும் பள்ளம் விழ, சிறு குழாயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். சிவப்பு முள் நூற்று எழுபது. என்னையே மிஞ்சிவிட்டான். வெளியே போனவன் வித்தையைச் சொல்லிவிட்டான் என்று நினைக்கிறேன். சற்று நேரத்தில் கேன்டீனில் தண்ணீர்ப் பாக்கெட் தீர்ந்துபோயிற்று. காத்திருந்தவர்கள் ஆளுக்கு ஒன்றை வாங்கி, மூலையைக் கடித்து, கையால் அமுக்காமல் உறிஞ்சியே காலி செய்யும் பயிற்சியில் இருந்தார்கள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். தேர்வுக்கு முன்னால் தாகம் எடுப்பது இயல்பு என்று நினைத்தேன். (பொறியியல் பட்டம் வாங்கியவன் என்பதை இங்கே நினைவூட்டிக்கொள்கிறேன்.)

லூர்து உள்ளே வந்தார். உட்காரும்போதே முதுகு நிமிர்ந்திருந்தது. டாக்டர் சொன்னபடி மூச்சை முழுவதும் வெளியே விட்டார். விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குழாயை வைத்து இழுத்தார். கன்னம் அசையவில்லை. விலா விரிந்தது, கழுத்து நரம்புகள் எழுந்தன. கறுப்பு முள் நிதானமாக ஏறித் தொண்ணூற்றாறில் நின்றது. மற்றவர்களுக்கு முள் துள்ளிப் போய் உடனே விழுந்துவிடும். இவருக்கு ஏறிய இடத்தில் ஆணி அடித்ததுபோல நின்றது. அவர் வாயை எடுத்த பிறகுதான் இறங்கியது. ஆனால் நான் கறுப்பு முள்ளையா பார்த்துக்கொண்டிருந்தேன்? சிவப்பு முள் தொண்ணூற்றாறு. மூன்று முறை இழுக்கச் சொன்னேன். தொண்ணூற்றாறு, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றாறு.

"பத்தலை லூர்து" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"சார், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. இவங்கல்லாம் கன்னத்துல இழுக்காவ. நான் நெஞ்சுல இழுக்கேன். உங்க முள்ளுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

கேஜ் பொய் சொல்லாது என்றேன். அவர் விடவில்லை. "காலையில நீங்க இழுத்துக் காட்டினியல்லா, அதுவும் கன்னந்தான் சார். ஒரு தடவ ரெண்டு கன்னத்தையும் கையால பிடிச்சுக்கிட்டு இழுத்துப் பாருங்க. நான் வேணும்னா பிடிக்கேன்."

வாசலில் நின்ற மணி, "இன்னாண்ணே, தோத்துட்டு சாரு கன்னத்த கிள்ள வர்ற?" என்றான். கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகியது. அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, லூர்துவின் பெயருக்கு எதிரே "பலம் போதவில்லை" என்று எழுதினேன். அவர் கிளிப்பை மூக்கிலிருந்து கழற்றி, சட்டையில் துடைத்து, மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

இது வரைக்கும் அறியாமை. இனி வருவதுதான் குற்றம்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போன பிறகு, கருவியை என் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். கன்னங்களைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். குழாயைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? பட்டறை மேசையில் இருந்த வைஸ் என்னும் இரும்பு இடுக்கியில் குழாயை வைத்து இறுக்கினேன். மூக்கில் கிளிப். குனிந்து, வைஸிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயை வாயால் கவ்வி, இரண்டு உள்ளங்கைகளாலும் கன்னங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். டீ கொண்டுவருபவர் கதவைத் திறந்தார். சற்று நேரம் நின்று பார்த்தார். டீயை வைக்காமலே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

முள் அறுபதைத் தாண்டவில்லை. மறுபடி இழுத்தேன். ஐம்பத்தெட்டு.

லூர்து சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஏன் என்று விளங்கவில்லை, ஆனால் சரி. வெளியே போய் மேனேஜரிடம், "கருவியில ஏதோ தப்பு இருக்கு சார், டாக்டர் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர் அதற்குள், கருவியை நாமே செய்துவிட்டோம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். என் பெயரும் அதில் இருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவது இயற்கையா என்ன என்று எனக்கு நானே ஒரு வாதம் சொல்லிக்கொண்டேன். வைஸிலிருந்து குழாயைக் கழற்றினேன். மாலையில் ஆறு பேர் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். பேனா நன்றாகவே எழுதியது.

மாதம் முடிந்தது. லூர்து கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். என்னைப் பார்க்க வரவில்லை. வருவாரோ என்று பயந்து அன்று முழுவதும் அறையை விட்டு நான் வெளியே வரவில்லை.

பூத் தொடங்கிய மூன்றாவது நாள், மணி மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. நான் ஓடினேன். ஓடினேன் என்பது மிகை. போய்ச் சேர்ந்தேன்.

"பெட்ரோல் மாரி வரல சார்" என்றான் மணி. "இழுத்தா மாஸ்க்குதான் மூஞ்சில ஒட்டுது. காத்து வரமாட்டுது."

நல்லவேளையாக அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரை மணியில் எழுந்து டீ குடித்தான். ஆனால் அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் அதே போல வெளியே வந்தார்கள். பூத்தை நிறுத்தி வைத்தார்கள். புதன்கிழமை டாக்டர் அம்மா விடுப்பு முடிந்து வந்தார். பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் இனிப்பு கொடுத்தார். பிறகு கருவியைக் காட்டச் சொன்னார்.

மாதிரிக் குழாயையும் என் பித்தளைக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல ஒரு துளை இருந்துச்சே?"

"கசிஞ்சுது டாக்டர். அடைச்சுட்டேன்."

அவர் கையில் இருந்த இனிப்புத் தட்டை மேசை மேல் வைத்தார்.

"அது கசியணும் சார். அதுக்காகத்தான் அந்தத் துளையையே போட்டிருக்காங்க."

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, கோபமில்லாமல் விளக்கினார். தொண்டையை மூடிக்கொண்டு கன்னத்தாலும் நாக்காலும் உறிஞ்சினால் முள் எக்கச்சக்கமாக ஏறும். அதில் நெஞ்சுத் தசைக்கு ஒரு வேலையும் இல்லை. துளை இருந்தால் அந்த ஏமாற்று நடக்காது. வாய்க்குள் இருக்கும் இடம் ஒரு எலுமிச்சம்பழம் அளவு. துளை வழியாக வரும் கொஞ்சம் காற்றே அதை நிரப்பி முள்ளை இறக்கிவிடும். நுரையீரல் குடம் போன்றது. அவ்வளவு சின்னத் துளையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே துளை இருக்கும்போது முள் ஏறி நின்றால், அது நெஞ்சால் இழுத்தது என்று தைரியமாக நம்பலாம். குழாய் அகலமாக இருப்பதற்கும் அதுபோல ஒரு காரணம் உண்டு. ஒல்லியான குழாயை வாயில் வைத்தால் யாருக்கும் இளநீர் ஞாபகம் வந்து உறிஞ்சத்தான் தோன்றும். சிவப்பு முள்ளைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். துள்ளிய உச்சத்தை எடுக்கக் கூடாது, குறைந்தது ஒரு நொடியாவது நிலைத்து நிற்கும் அளவைத்தான் எடுக்க வேண்டும் என்றார். மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

ஈயப் பற்றை நானே சின்னத் துளைக்கருவியால் குடைந்து எடுத்தேன். அகலக் குழாயைப் பொருத்தியதும் டாக்டர் நாற்காலியைக் காட்டினார். "நீங்களே உக்காருங்க சார்."

மேனேஜர் இருந்தார். மணியும் இருந்தான். உட்கார்ந்து இழுத்தேன். முள் துள்ளியது, விழுந்தது. மறுபடி துள்ளியது, விழுந்தது. பழைய பழக்கத்தில் கன்னம் தானாக உள்ளே போயிற்று. மூன்றாவது முறை ஒருவழியாக நெஞ்சால் இழுத்தபோது முள் ஐம்பத்திரண்டில் நடுங்கிக்கொண்டு நின்றது.

"நம்ம ரெண்டு பேரும் ஒரே கேஸு சார்" என்றான் மணி.

டாக்டர் என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். எத்தனை வருடமாக மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். மாடிப்படியில் பாதுகாப்பு விதிகள் படிக்கும் விஷயத்தைச் சொன்னேன். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். என் கருவி எனக்குச் சொன்ன ஒரே உண்மை, எனக்கு இளைப்பு நோய் இருக்கிறது என்பதுதான்.

பிறகு இருபத்திரண்டு பேரின் அளவுகளும் எழுதிய பட்டியலைக் கேட்டு வாங்கி, விரலால் கீழே வரை ஓட்டிக்கொண்டே போனார். "இவ்வளவு பேர்ல ஒருத்தர் மட்டும் கன்னத்தை உபயோகிக்கலை போலிருக்கே. தொண்ணூத்தாறு, தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தாறு. மூணும் ஒண்ணுபோல இருக்கு. யார் இவரு? கூப்பிடுங்க."

அவர் இப்போது இங்கே இல்லை என்று நான்தான் சொன்னேன்.

அந்த வாரம் கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சரோஜா சொல்லிக்கொண்டிருந்தாள். லூர்து வல்லக்கோட்டைக்கு முன்னால், வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் ஒன்றில் தங்கியிருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். கோயில் முடிந்து திரும்பும்போது, "இங்க ஒருத்தரைப் பாத்துட்டுப் போயிடலாம், ஆபீஸ் விஷயம்" என்று ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். தனியாகப் போகத் தைரியமில்லை. மனைவி கூட இருந்தால் திட்ட மாட்டார் என்று ஒரு நப்பாசை.

லூர்து அறை வாசலில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தார். வேறொரு கம்பெனி கிடங்கில் கண்ணாடிப் பெட்டி இறக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார், மறுபடி கான்ட்ராக்ட்டில். சரோஜாவுக்குப் பக்கத்து அறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். எனக்குக் கவிழ்த்த வாளி.

வாளியில் உட்கார்ந்து நான் பேச ஆரம்பித்தேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன பேச்சு அது. டாக்டர் கொடுத்த மாதிரியில் துளை எதற்கு என்று எழுதிக் கொடுக்கவில்லை. அழுத்தக் கருவியில் கசிவை அடைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மேனேஜருக்கு அவசரம். இப்படிப்பட்ட சூழ்நிலையில், துரதிர்ஷ்டவசமாக, நடந்ததற்கு நான் மிகவும் வருந்துகிறேன். நல்ல தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

லூர்து சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப பேசுதியளே சார், இது கன்னத்துல இருந்து வருதா, நெஞ்சுல இருந்து வருதா?"

சரோஜா என்னைப் பார்த்தாள். இந்த விஷயத்தில் ஒரு எழுத்துகூட அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

"நீங்க சொன்ன அன்னைக்கே தெரியும் லூர்து" என்றேன். அவரை நான் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "மத்தியானமே கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு இழுத்துப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

அவர், "கன்னத்தைப் பிடிக்க ரெண்டு கை வேணுமே, கொழாயை யாரு பிடிச்சா?" என்று கேட்டார்.

வைஸ் விவகாரத்தைச் சொன்னேன். டீக்காரர் வந்து போனதையும் சொன்னேன். லூர்து சிரிக்க ஆரம்பித்தார். நல்ல மூச்சுள்ள மனிதர் அல்லவா, சிரிப்பும் நீளமாகப் போயிற்று. சரோஜாவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் வாளியில் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு அடங்கியதும், அவர் கொடியில் கிடந்த சட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மவ கிட்ட போன்ல சொன்னேன் சார், அப்பாவுக்கு மூச்சு பத்தலன்னு சொல்லிட்டாவ, அதான் வீடு இல்லன்னு. எங்கப்பாவுக்கா மூச்சு பத்தலன்னு கேட்டா. நம்பவே மாட்டேங்கா. அழுதா."

நான் எழுந்து வாளியை நிமிர்த்தி வைத்தேன்.

மறுநாள் மேனேஜருக்கு நான்கு வரியில் கடிதம் எழுதினேன். துளையை அடைத்தது நான், தவறு என்று தெரிந்த பிறகும் கையெழுத்திட்டது நான், லூர்துவுக்கு வேலை தர வேண்டும். இதையெல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டியதில்லையே என்றார் அவர். எழுத்தில்தான் கொடுப்பேன் என்று வைத்துவிட்டு வந்தேன். ஆனால் ஆறு பேரின் பட்டியல் தலைமை அலுவலகம் போய்விட்டது, திருப்ப முடியவில்லை. மணி முதலான மூன்று பேருக்குப் பூத்துக்கு வெளியே வேறு வேலை கொடுத்தார்கள். துளை திறந்த குழாயில் மறுபடி அளந்து தேறிய மற்ற மூன்று பேரைக் கொண்டே பூத்தில் ஒரு ஷிப்ட்டை ஓட்டினார்கள். ஏழு மாதம் கழித்து இரண்டாவது ஷிப்ட் தொடங்கியபோதுதான் டாக்டர் லூர்துவை வரவழைத்தார். துளை திறந்திருந்த குழாயில் அவர் இழுத்ததை நானும் நின்று பார்த்தேன். முள் ஏறி நின்ற இடத்தை மற்றவர்கள் யாரும் தொடவில்லை. வேலை கிடைத்தது. ஆனால் பிள்ளைப்பாக்கத்து வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். பெண் அந்த வருடப் படிப்பை ஊரிலேயே முடிக்க வேண்டியதாயிற்று. சர்வீஸ் அன்றிலிருந்துதான் கணக்கு. கடைசி வரை அந்த ஆறு பேருக்கும் அவர் ஜூனியர். பெட்ரோல் உறிஞ்சி வந்த மணிகூட அவருக்கு சீனியர்.

என்னை யாரும் ஆலோசகராகக் கூப்பிடவில்லை. ஐம்பத்தெட்டு முடிந்த அன்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள்.

சரோஜா அந்தக் கேள்வியை வல்லக்கோட்டையிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். ரசம் பிரமாதம் என்றால், "கன்னமா, நெஞ்சா?" என்று கேட்பாள். சம்பந்தியை வழியனுப்பும்போது இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றால், உள்ளேயிருந்து குரல் வரும், கன்னமா நெஞ்சா. மகன் நிச்சயதார்த்தத்தில் நான் எழுந்து நான்கு வார்த்தை பேசப் போக, பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ அதைக் கேட்டு, மண்டபமே சிரித்தது. காரணம் தெரியாதவர்களுக்கு வைஸ் கதையை விளக்கினார்கள். பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. பிறந்தநாள் பலூனை ஊத என் கையில் கொடுக்க மறுக்கிறாள், தாத்தா கன்னத்தால்தான் ஊதுவாராம். லூர்து குடும்பத்தோடு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் கொண்டுவருவார். அவர் முன்னால் மட்டும் சரோஜா அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவர் கேட்பார்.

போன வருடம் எனக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தேன். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மூச்சுப் பலத்தை அளந்து பார்க்க ஒரு பெண் கருவியோடு வந்தாள். கையடக்கமான பிளாஸ்டிக் பெட்டி, எண்ணில் காட்டுகிறது, முள்ளே கிடையாது. வாயில் வைக்கும் குழாயை வாங்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் அந்தத் துளை இருந்தது. என் விரல் தானாக அதன் மேல் போயிற்று. சரோஜா என் கையைத் தட்டிவிட்டாள்.

இழுத்தேன். முப்பத்தெட்டு. வயதுக்குப் பரவாயில்லை தாத்தா என்று அந்தப் பெண் மரியாதைக்குச் சொன்னாள்.

சாயங்காலம் சரோஜா லூர்துவுக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"தொள தொறந்துதானம்மா இருந்துச்சு?"

"தொறந்துதான் இருந்துச்சு. நான் பக்கத்துலயே நின்னேன்."



"அப்ப அது சார் மூச்சுதான்" என்றார் லூர்து.